முதல் குழு கேட்டேன், 13 வயதுப் பையன்களைக் கொடுக்கிறார்கள்

கேள்வி: ஐயா, எனக்கு 32 வயது. சிங்கப்பூரில் உள்ளூர்த் தொழில்முறைக் காற்பந்தில் பதினோரு ஆண்டுகளாக நடுத்தற்காப்பு ஆட்டக்காரனாக இருக்கிறேன். இந்தப் பருவத்தோடு ஒப்பந்தம் முடிகிறது. புதுப்பிக்க மாட்டார்கள் என்று ஏறக்குறையத் தெரிந்துவிட்டது. முழங்காலும் முன்போல இல்லை. பயிற்றுவிப்பாளராகி, ஒருநாள் ஒரு குழுவையே நிர்வகிக்க வேண்டும் என்பது ஆசை. முதல் குழுவுக்கு உதவிப் பயிற்றுவிப்பாளராக எடுப்பார்கள் என்று நினைத்தேன். கிளப்பிலோ, 13 வயதுக்குட்பட்ட பையன்களுக்குப் பகுதிநேர உதவியாளராக வா என்கிறார்கள். மச்சான் துவாஸில் ஒரு தளவாட நிறுவனத்தில் நிரந்தர வேலை பார்த்து வைத்திருக்கிறார். மனைவி அதற்குத்தான் போகச் சொல்கிறார். நான்கு வயதில் மகள் இருக்கிறாள், வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுக் கடன் இருக்கிறது. தற்காப்பு ஆட்டக்காரர்கள்தான் நல்ல நிர்வாகி ஆவார்கள் என்று என் பழைய பயிற்றுவிப்பாளர் சொல்வார். அது உண்மையா? முதல் குழு வாய்ப்புக்காகக் காத்திருக்கலாமா? இன்னொன்று, இரண்டு பருவத்துக்கு முன்பு நான் கோல்காவலருக்குத் தவறாகத் தள்ளிய பந்தில் கோல் விழுந்து ஒரு முக்கிய ஆட்டத்தில் தோற்றோம். அந்தக் காணொளி இன்னும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அதைப் பார்த்த பையன்கள் என்னை மதிப்பார்களா?
பெயர் வேண்டாம், ஈசூன்

பதில்: தம்பி, முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். துவாஸ் வேலையையும் எடுங்கள், அந்தப் பையன்களையும் எடுங்கள். பகலில் ஒன்று, வாரத்தில் இரண்டு மாலையும் சனிக்கிழமையும் மற்றொன்று. குறைந்தது மூன்று ஆண்டுக்கு இப்படி ஓட்டுங்கள். முதல் குழு வாய்ப்புக்காக வீட்டில் உட்கார்ந்து காத்திருக்க வேண்டாம்.

உங்கள் பழைய பயிற்றுவிப்பாளர் சொன்னதில் பாதி சரி. நடுத்தற்காப்பில் நிற்பவருக்கு ஆட்டம் முழுவதும் கண்ணெதிரே நடக்கிறது. தாக்குதல் ஆட்டக்காரர் பாதி நேரம் எதிரணிக் கோலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பந்துக்காகக் காத்திருப்பார். நீங்கள் திடலில் இருக்கும் எல்லாரையும் பார்த்துக்கொண்டு நிற்பீர்கள். எந்தப் பக்கம் ஆள் குறைகிறது, யார் மூச்சு வாங்குகிறார், இன்னும் இரண்டு பாஸில் பந்து எங்கே போகும் என்று கணக்குப் போடுவதே உங்கள் பிழைப்பு. அதோடு வாய் வேலை. "மேன் ஆன்", "டர்ன்", "லைன் ஏறு" என்று தொண்ணூறு நிமிடமும் கத்தி மற்றவர்களை நகர்த்துகிறீர்கள். அந்த அளவுக்கு நீங்கள் ஏற்கெனவே பயிற்றுவிப்பாளர் வேலையைக் கொஞ்சம் பார்த்தவர்தான்.

மறுபாதிக்கு வருவோம். பெயர்பெற்ற நிர்வாகிகள் எந்த இடத்தில் ஆடினார்கள் என்று பாருங்கள். ஃபெர்குசன் தாக்குதல் ஆட்டக்காரர். குவார்டியோலாவும் அன்செலோட்டியும் நடுத்திடல். மோரின்யோ பெரிய மட்டத்தில் ஆடியதே இல்லை. நம்மூர் சுந்தரமூர்த்தியை எடுத்துக்கொள்ளுங்கள். தற்காப்பு ஆட்டக்காரர்களைத் திணறடித்தே பெயர் வாங்கியவர் அவர். அப்புறம் 2013-ல், மலேசிய லீக்கில் ஆடிய சிங்கப்பூரின் லயன்ஸ்-XII குழுவைப் பயிற்றுவித்து மலேசிய சூப்பர் லீக்கை வென்றார், 2016 முதல் 2018 வரை தேசியக் குழுவையும் நடத்தினார். ஆகவே எந்த இடத்தில் ஆடினோம் என்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. காபிக்கடையில் உட்கார்ந்து பேச நல்ல விஷயம், அவ்வளவுதான்.

தற்காப்பு ஆட்டக்காரர்களுக்குள்ளேயே பாருங்கள். டோனி ஆடம்ஸ் ஆர்சனலைத் தவிர வேறு கிளப்பில் ஆடாதவர். தலைவராக இருந்து நான்கு லீக் பட்டங்களைத் தூக்கியவர். ஆட்டத்தைப் படிப்பதில் அவரை மிஞ்ச ஆள் குறைவு. நிர்வாகியாக என்ன ஆயிற்று? போர்ட்ஸ்மத்தில் 2009-ல் நீக்கப்பட்டபோது அவர் நடத்தி முடித்திருந்த லீக் ஆட்டங்கள் 16. ஸ்பெயினில் கிரனாடா 2017-ல் கடைசி ஏழு ஆட்டத்துக்கு அவரைக் கூப்பிட்டது. ஏழிலும் தோல்வி.

அதே நடுத்தற்காப்பில் ஆடிய டேவிட் மோயஸைப் பாருங்கள். ஆட்டக்காரராக அவருடைய பெயர் ஆடம்ஸ் பக்கத்தில்கூட வராது. செல்டிக்கில் தொடங்கி கேம்பிரிட்ஜ், பிரிஸ்டல் சிட்டி, ஷ்ரூஸ்பரி, டன்ஃபர்ம்லின், ஹாமில்டன், பிரஸ்டன் என்று சுற்றியவர். ஆனால் 22 வயதிலேயே பயிற்றுவிப்பாளர் படிப்பைத் தொடங்கிவிட்டார். 1998-ல் பிரஸ்டன் அவரிடம் குழுவைக் கொடுத்தபோது அவருக்கு 34, அதற்குள் பத்து ஆண்டுக்கு மேல் அந்தத் தொழிலைப் படித்து முடித்திருந்தார். 2000-ல் பிரஸ்டன் அடுத்த மேல் பிரிவுக்கு ஏறியது. 2002 முதல் 2013 வரை எவர்ட்டன். மான்செஸ்டர் யுனைட்டெட்டில் பத்து மாதத்தில் வெளியே அனுப்பினார்கள். மனிதர் ஓய்ந்துவிடவில்லை, 2023-ல் வெஸ்ட் ஹாமுக்கு ஐரோப்பியக் கிண்ணம் ஒன்றை வாங்கிக் கொடுத்தார்.

இதைச் சொன்னால் உடனே எல்லாரும் கிளாப்பை இழுப்பார்கள். யர்கன் கிளாப் ஜெர்மனியின் மைன்ஸ் குழுவில் தாக்குதலில் தொடங்கி வலப்பக்கத் தற்காப்புக்கு மாறியவர். 2001 பிப்ரவரியில் ஆட்டக்காரர் சட்டையைக் கழற்றிய கையோடு அதே குழுவின் நிர்வாகி ஆனார், கீழ்ப் பிரிவுக்கு இறங்கவிருந்த குழுவைக் காப்பாற்றினார். "பார்த்தீர்களா, அவர் நேராக மேலே போகவில்லையா?" என்பார்கள். அதற்குப் பதின்மூன்று ஆண்டுக்கு முந்தைய கதையை யாரும் சொல்வதில்லை. 1988-ல் பிராங்க்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு அறிவியல் படித்துக்கொண்டே அவர் ஐன்ட்ராக்ட் பிராங்க்ஃபர்ட்டின் டி-ஜூனியர்ஸ் குழுவைப் பயிற்றுவித்தார். டி-ஜூனியர்ஸ் என்றால் 11, 12 வயதுப் பையன்கள். உங்கள் கிளப் உங்களுக்குக் கொடுப்பதும் கிட்டத்தட்ட அதே வயதுதான்.

ஏன் சிறுவர்களிடம் தொடங்க வேண்டும்? தற்காப்பு ஆட்டக்காரருக்கு என்றே இரண்டு கெட்ட பழக்கங்கள் உண்டு. இரண்டும் பெரியவர்களோடு இருக்கும்போது வெளியே தெரியாது.

முதலாவது, தப்பு நடக்கப் போவது உங்களுக்கு மூன்று நொடி முன்பே தெரிந்துவிடும். உடனே வாய் திறந்துவிடும். "இடது பக்கம் பார்!", "விடாதே!" என்று கத்துவீர்கள், பையனும் அந்த ஒரு தடவை சரியாகச் செய்வான். அடுத்த வாரம் நீங்கள் கத்தாவிட்டால் பார்க்க மாட்டான். ஏனென்றால் அவனுக்காக நீங்கள்தான் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். முன்னாள் ஆட்டக்காரர்களின் பயிற்சியை ஓரத்தில் நின்று பார்க்கும்போது நான் முதலில் கவனிப்பது இதைத்தான். நல்ல நடுத்தற்காப்பு ஆட்டக்காரராக இருந்தவர்தான் அதிகமாகக் கத்துவார். பழக்க தோஷம்! ஒரு பயிற்சி ஆட்டத்தில் பத்து நிமிடம் வாயே திறக்காமல் நிற்கப் பழகுங்கள். ஒரே தப்பு மூன்று முறை வந்த பிறகு ஆட்டத்தை நிறுத்தி, "பந்து வருமுன் என்ன பார்த்தாய்?" என்று கேளுங்கள். "ஒன்றும் பார்க்கலை கோச்" என்பான். அங்கிருந்து பாடத்தைத் தொடங்கலாம். தோளுக்கு மேல் ஒருமுறை திரும்பிப் பார்ப்பது, உடம்பைப் பாதி திருப்பி வைத்துப் பந்தை வாங்குவது, இவையெல்லாம் உங்களுக்கு யோசிக்காமல் வருகிறவை. யோசிக்காமல் வருவதை இன்னொருவனுக்குச் சொல்லிக் கொடுக்க, முதலில் நீங்கள் அதைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கும். 13 வயதுப் பையன் உங்களை அதற்குக் கட்டாயப்படுத்துவான். முதல் குழுவில் இருக்கும் 27 வயது ஆட்டக்காரர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார், அவருக்குப் புரிந்ததா இல்லையா என்றே உங்களுக்குத் தெரியாது.

இரண்டாவது பழக்கம் பயம். உங்கள் வேலையே விபத்தைத் தடுப்பது. ஆபத்து என்றால் பந்தை வெளியே அடி, யோசிக்காதே என்று வளர்ந்தவர்கள் நாம். அதே பயத்தோடு சிறுவர்களைப் பயிற்றுவித்தால், பின்னாலிருந்து பந்தைக் கொண்டுவரத் துணியாத பத்துப் பையன்களை உருவாக்கிவிடுவீர்கள். உங்கள் கடிதத்தில் அந்தக் காணொளியைப் பற்றி எழுதியிருக்கும் விதத்தைப் பார்த்தால் இந்தப் பயம் உங்களிடம் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும் என்று தோன்றுகிறது.

சரி, அந்தக் காணொளிக்கே வருவோம். லிம் தோங் ஹாய் பெயர் உங்களுக்குத் தெரியும். 1993 தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டி, சொந்த மண்ணில், அரையிறுதியில் மியன்மாரோடு ஆட்டம். நம் தற்காப்பில் நின்ற அவர் சொந்தக் கோலுக்குள்ளேயே இரண்டு முறை பந்தைப் போட்டுவிட்டார். ஆட்டம் 3-3, பெனால்ட்டியில் தோல்வி. உள்ளூர்க் காற்பந்தில் இதைவிடப் பெரிய சங்கடம் ஒரு தற்காப்பு ஆட்டக்காரருக்கு நடந்திருக்குமா என்று தெரியவில்லை. அடுத்த ஆண்டு மலேசியக் கிண்ணத்தை வென்ற சிங்கப்பூர்க் குழுவில் அவர் இருந்தார். இறுதியாட்டத்தில் பஹாங்கை 4-0 என்று வென்ற அதே குழு. இன்னொருவர் இங்கிலாந்துத் தற்காப்பு ஆட்டக்காரர் கேரத் சவுத்கேட். 1996 ஐரோப்பியக் கிண்ண அரையிறுதியில் அவர் தவறவிட்ட பெனால்ட்டியை இங்கிலாந்தில் இருபது ஆண்டுக்கு மேல் காட்டிக்கொண்டே இருந்தார்கள். நிர்வாகியாக 2018 உலகக் கிண்ணத்துக்குப் போனபோது பெனால்ட்டியை அதிர்ஷ்டத்திடம் விடாமல் ஒரு பாடமாகவே எடுத்துப் பயிற்சி கொடுத்தார். கொலம்பியாவுக்கு எதிராக இங்கிலாந்து வென்றது, உலகக் கிண்ணத்தில் அவர்கள் வென்ற முதல் பெனால்ட்டி மோதல்.

சவுத்கேட்டிடம் நீங்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்றும் இருக்கிறது. 2006-ல், 35 வயதில், தேவையான உரிமம்கூட முடிக்காத நிலையில் மிடில்ஸ்பரோ குழுவைத் தூக்கிக் கையில் கொடுத்தார்கள். நேற்றுவரை கூட ஆடியவர்களுக்கு இன்றைக்கு நிர்வாகி. 2009-ல் குழு கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது, சில மாதத்தில் அவரும் வெளியே. பிறகு கீழிருந்து வந்தார். இங்கிலாந்துக் காற்பந்துச் சங்கத்தில் இளையர் மேம்பாட்டு வேலை, 2013-ல் 21 வயதுக்குட்பட்ட குழு, 2016-ல்தான் தேசியக் குழு. நீங்கள் ஆசைப்படும் "ஆட்டத்தை முடித்தவுடன் முதல் குழு" என்பது அவருக்குக் கிடைத்தது. அதைத் தாங்குவதற்கான தயாரிப்பு அப்போது அவரிடம் இல்லை.

ஆகவே காணொளியை ஒளிக்காதீர்கள். பையன்கள் எப்படியும் தேடிப் பார்த்துவிடுவார்கள், 13 வயதுக்காரனுக்கு அது ஐந்து நிமிட வேலை. முதல் மாதத்திலேயே ஒருநாள் நீங்களே கைப்பேசியில் போட்டுக் காட்டுங்கள். கோல்காவலர் எங்கே நின்றார், பந்தைத் தள்ளுமுன் எங்கே பார்க்கத் தவறினீர்கள், வேறு எந்தப் பக்கம் வழி இருந்தது என்று அவர்களையே சொல்ல வையுங்கள். கிண்டல் பண்ணுவான்கள், பண்ணட்டும். அப்புறம் தப்புப் பண்ணிவிட்டுத் தலையைத் தொங்கப்போடும் பையனிடம் பேச உங்களுக்கு உரிமை வந்துவிடும்.

இனி பணம். உங்கள் மனைவி கனவுக்குக் குறுக்கே நிற்பதாக உங்கள் கடிதத்தில் ஒரு தொனி இருக்கிறது. அவர் கணக்குச் சரியாகப் பார்க்கிறார். கிளப் ஒப்பந்தத்தில் இருந்தவரை உங்கள் மசேநிதிக்கு (மத்திய சேம நிதிக்கு) முதலாளி பங்கு வந்தது. தனியாளாகப் பள்ளிகளிலும் பயிற்சிக் கழகங்களிலும் மணிக்கணக்கில் பயிற்றுவிக்கப் போனால் நீங்கள் சுயதொழில் செய்பவர். அப்போது மசேநிதியில் மருத்துவச் செலவுக்கான மெடிசேவ் கணக்குக்கு மட்டும்தான் கட்டாயமாகச் செலுத்த வேண்டும், முதலாளி பங்கு என்று எதுவும் வராது. எடுத்துக்காட்டுக்குத் துவாஸில் 3,000 வெள்ளி சம்பளம் என்று வையுங்கள். உங்கள் பங்கு 20 விழுக்காடு, முதலாளி பங்கு 17 விழுக்காடு, மொத்தம் 1,110 வெள்ளி மாதாமாதம் உள்ளே போகிறது. உங்கள் வயதில் அதில் 690 வெள்ளி சாதாரணக் கணக்குக்குச் சேரும், வீட்டுத் தவணை அதிலிருந்துதானே போகிறது? பயிற்றுவிப்பை மட்டும் நம்பினால் அந்தத் தவணையை ரொக்கமாகக் கட்ட வேண்டி வரும், டிசம்பர் பள்ளி விடுமுறையிலும் சேர்த்து. நிரந்தர வேலை வேண்டும் என்று அவர் சொல்வதற்குக் காரணம் இது. இந்தக் கணக்கை இன்று இரவே இருவரும் சேர்ந்து ஒரு தாளில் போட்டுப் பாருங்கள், வீட்டில் பேச்சு வேறு மாதிரி போகும்.

பகலில் வேறு வேலை, மாலையில் காற்பந்து என்பதைக் கௌரவக் குறைச்சலாக நினைக்க வேண்டாம். சமது அல்லாப்பிச்சை தலைமையில் 1977-லும் 1980-லும் மலேசியக் கிண்ணத்தைக் கொண்டுவந்த காலத்தில் நம் ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் அப்படித்தான் இருந்தார்கள். நம் தொழில்முறை லீக்கான எஸ்-லீக் தொடங்கியதே 1996-ல்தான்.

மச்சானிடம் ஒன்று மட்டும் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்: நிலையான பகல் நேர வேலையா, மாறி மாறி வரும் ஷிஃப்ட்டா? ஷிஃப்ட் என்றால் இந்தத் திட்டம் நடக்காது. துவாஸிலிருந்து ஈசூனுக்கு ரயிலில் வந்து சேரவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், ஏழு மணிப் பயிற்சிக்குக் களைத்துப்போய் வந்து நிற்பதில் யாருக்கும் பயனில்லை. செவ்வாயும் வியாழனும் சரியாக ஐந்தரைக்கு விடுவார்களா என்று வேலையில் சேருமுன்பே கேட்டுவிடுங்கள். சேர்ந்த பிறகு கேட்டால் சங்கடம் மச்சானுக்கு.

பயிற்றுவிப்பாளர் உரிமத்தை இந்த ஆண்டே தொடங்குங்கள். ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்பின் படிகள் சி, பி, ஏ, புரோ என்று போகும், இங்கே சிங்கப்பூர்க் காற்பந்துச் சங்கம் நடத்துகிறது. ஒரு படியை முடித்தவுடன் அடுத்ததில் உட்கார்ந்துவிட முடியாது, நடுவில் ஒரு குழுவோடு வேலை பார்த்த அனுபவத்தைக் காட்ட வேண்டும். அந்த 13 வயதுக் குழு உங்களுக்கு இதற்கும் கைகொடுக்கும். தேசியப் பயிற்றுவிப்பாளர் பதிவேட்டிலும் பெயரைச் சேர்த்துக்கொள்ளுங்கள், அதற்கு முதலுதவிச் சான்றிதழும் தேவைப்படும். பள்ளி இணைப்பாட நடவடிக்கை வேலைகளுக்கு இது உதவும்.

கடைசியில் கிடைக்கப்போகும் நாற்காலியைப் பற்றியும் உண்மையைச் சொல்ல வேண்டும். இங்கே சிங்கப்பூர் பிரிமியர் லீக் கிளப்புகள் பத்துகூடக் கிடையாது. அந்தச் சில நாற்காலிகளுக்கு வெளிநாட்டுப் பயிற்றுவிப்பாளர்களும் போட்டி. உட்கார்ந்தாலும் சூடு அதிகம். அய்டீ இஸ்கந்தரைப் பாருங்கள். தேசியக் குழுவுக்கு நூற்றுக்கு மேற்பட்ட ஆட்டங்கள் ஆடிய தற்காப்பு ஆட்டக்காரர், 2004-லும் 2007-லும் தென்கிழக்காசியக் கிண்ணத்தை வென்ற தலைவர். 2015-ல் 23 வயதுக்குட்பட்ட குழுவோடு சொந்த மண்ணில் தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டிக்குப் போனார், குழுச் சுற்றிலேயே வெளியேறியதும் பொறுப்பிலிருந்து விலகினார். அவ்வளவு பெயருள்ளவருக்கே அப்படி. நிர்வாகி ஆவதுதான் ஒரே வழி என்றும் இல்லை. 1998 டைகர் கிண்ண இறுதியாட்டத்தில், ஹனோயில் வியட்நாமை வீழ்த்திய அந்த ஒரே கோலைப் போட்ட ஆர். சசிக்குமாரும் தற்காப்பு ஆட்டக்காரர்தான். அவர் விளையாட்டுச் சந்தைப்படுத்தல் தொழிலுக்குப் போய் அங்கே பெயர் எடுத்தார். மூன்று ஆண்டு கழித்துத் துவாஸ் வேலையில்தான் உங்கள் மனசு இருக்கிறது என்று தெரிந்தால், அதுவும் நல்ல முடிவுதான்.

முழங்காலை ஒப்பந்தம் முடியுமுன் கிளப் மருத்துவரிடம் காட்டி, ஸ்கேன் அறிக்கையைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். வெளியே வந்த பிறகு அதையெல்லாம் உங்கள் செலவில் செய்ய வேண்டியிருக்கும்.

கிளப்புக்குச் சம்மதம் சொல்லும்போது சம்பளத்தைக் கூட்டச் சொல்லிப் பேரம் பேசாதீர்கள், பகுதிநேர வேலைக்கு அது பெரிதாக நகராது. இரண்டு விஷயத்தைக் கேளுங்கள். சி உரிமப் படிப்புக்கான கட்டணத்தில் அவர்கள் எவ்வளவு ஏற்பார்கள் என்று ஒன்று. மாதத்தில் ஒருநாள் முதல் குழுவின் ஆட்டத் திட்டக் கூட்டத்தில் ஓரமாக உட்கார்ந்து கேட்க விடுவார்களா என்று இன்னொன்று. இரண்டுக்கும் பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொண்டு, அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.